நிலுவையில் நிற்கும் வீடு

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த முதுமொழி. வழக்கு என்னும் மூன்றாவதை அவர்கள் இதனோடு சேர்க்காது விட்டனர். வீடு என்ற சொல்லுக்குள்ளேயே வழக்கும் அடங்கிவிட்டது என்று கருதினார்கள் போலும். ஏனைய ஊர்களின் நிலை எவ்வாறாயினும், எங்கள் தீவகத்திலே காணி வழக்கில்லாத குடும்பத்தைத் தேடுவது கோடையில் நன்னீர்க் கிணறு தேடுவதைப் போன்றதே.

நாம் ஆசிரியத் தொழில் புரிவது தீவுப்பகுதிக் கல்லூரி ஒன்றில். மாணவர் வராத நாள்களுக்குப் பெற்றோர் எழுதியனுப்பும் கடிதங்களை இருபது ஆண்டுகளாக வாசித்து வருகின்றோம். காய்ச்சல் என்பது ஒரு காரணம். நயினை நாகபூசணி அம்மன் திருவிழா இன்னொன்று. கடல் கொந்தளித்ததால் வள்ளம் ஓடவில்லை என்பது நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கே உரிய தனிச் சலுகை. இவற்றுக்கு அடுத்தபடியாக வருவது ‘வழக்குத் தவணை’. தாயும் தந்தையும் நீதிமன்றத்துக்குப் போக, மூத்த பிள்ளை வீட்டில் நின்று இளையவர்களைப் பார்த்துக்கொள்ளும். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, “சேர், வழக்கு நிலுவையில் இருக்கிறது என்றால் உண்மையில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது?” என்று எம்மை வினவினாள். “ஒன்றும் நடவாமை நடந்துகொண்டிருக்கிறது” என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

காணி வழக்கு எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிச் சுவர்களைக் கண்டிருப்பார்கள். ஒரு வளவைச் சுற்றி ஒரு சுவர், அதற்குள் உட்சுவர், அதற்குள்ளும் ஒன்று. ஒரு பாட்டனாரின் காணி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துண்டாடப்பட்ட வரலாற்றை அக்கற்களைப் பார்த்தே ஓரளவுக்கு ஊகிக்கலாம். சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள் பாக்கியசாலிகள். பிரிக்காமலே விட்டுப் பத்துப் பேரும் ‘எட்டிலொன்றில் மூன்றிலொன்று’ என்று உறுதியெழுதிக் கைமாற்றிய காணிகளே பின்னர் நீதிமன்றத்தை நாடின. சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்னும் பிரித்தானிய அதிகாரி 1859ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூலிலே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகின்றார். பத்துத் தென்னை மரங்களில் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதில் ஒரு பங்கு தமக்குரியதென்று ஒருவர் காலி நீதிமன்றத்திலே வழக்காடினாராம். காலியிலே தென்னையென்றால் எங்கள் பக்கத்திலே பனை. கணக்கு ஒன்றுதான்.

இத்தகைய கூட்டுரிமைக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதற்காக 1863இலே ஒரு கட்டளைச் சட்டமும், 1951இலே ஒரு சட்டமும் வந்தன. இன்று வழக்கிலிருப்பது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம். இதன்படி வழக்குத் தொடுப்பவர் அவ்வழக்கைக் காணிப் பதிவகத்திலே பதிவு செய்தல் வேண்டும். சட்டத்தார் அதனை ‘லிஸ் பென்டன்ஸ்’ என்னும் இலத்தீன் பெயரால் வழங்குவர். நிலுவை வழக்கு என்பதே அதன் பொருள். அங்ஙனம் பதியப்பட்ட பின்னர், வழக்கு முடியும் வரை அக்காணியின் பிரிபடாத பங்கை ஒருவர் விற்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ, ஈடு வைக்கவோ கூடாதென்று 66ஆம் பிரிவு தடுக்கின்றது. ‘வழக்கின் முடிவில் எனக்கு என்ன கிடைக்குமோ அதனை விற்கின்றேன்’ என்று எழுதுவதற்கு நீதிமன்றங்கள் இடமளித்துள்ளன என்பது வேறு செய்தி. அவ்விதம் வாங்குபவர் காணியை வாங்கவில்லை. பிறருடைய தலைவிதியை வாங்குகின்றார்.

யாழ்ப்பாணத்தார்க்குரிய தேசவழமை இதனோடு இன்னொரு முடிச்சையும் போட்டிருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1706-1707 அளவிலே தொகுத்தெழுதப்பட்ட அவ்வழமையிற் காணி விற்பவர் முதலிற் கேட்க வேண்டியவர்கள் இன்னாரென்று ஒரு விதியுண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுரிமையாளர்க்கும் வாரிசாகத் தகுதியுடையோர்க்கும் என்று சுருக்கி வைத்தது. சுருக்கியும் என்ன? மைத்துனருக்குச் சொல்லாது காணி விற்றவர் வாங்கியவருடைய தலையிலும் ஒரு வழக்கை ஏற்றி அனுப்புகின்றார்.

இத்தனை சிக்கல்கள் இருந்தும் எங்கள் ஊர்களிற் காணி வாங்கியோர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. காரணம் எளியது. ஒருவர் வேலணையிலோ புங்குடுதீவிலோ ஒரு வளவை விலைக்குப் பேசினால், முற்பணம் கொடுக்குமுன்னர் வேலிக்கு அப்பால் இருக்கும் ஆச்சியிடம் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவார். “இந்தக் காணியிலை பிரச்சினை ஏதும் உண்டோ, ஆச்சி?” என்று கேட்டாற் போதும். மூன்று தலைமுறைக் கதையும் வெளிவரும். எந்தப் பெண்ணுக்குச் சீதனமாக எழுதியது, எந்த மகன் மலாயாவுக்குப் போய்த் திரும்பவில்லை, எந்த உறுதி ஈட்டிலே கிடக்கின்றது என்பதெல்லாம் அந்த ஆச்சிக்கு மனப்பாடம். நொத்தாரிசு தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு கிழமை செல்லும்.

1990ஆம் 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு அந்த ஆச்சிமாரையும் வேலிகளையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. தீவகத்து மக்கள் குடாநாட்டுக்கும், வன்னிக்கும், கொழும்புக்கும், கடல் கடந்த நாடுகளுக்குமாகச் சிதறினர். இன்று ஒரு வளவின் எட்டுப் பங்குகளில் இரண்டு தொரன்றோவிலும் ஒன்று இலண்டனிலும் இருக்கக் காண்கின்றோம். பத்தாண்டு இடையறாது எதிருரிமையுடன் ஆண்டவர்க்கு உரித்து வழங்கும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், ஓடிப்போனவர்க்கு எமனாகக்கூடும் என்பதனாலே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தில், போரின் காரணமாகத் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிலே சேர்க்காது விடுவதற்கு அது வழி செய்தது. நல்ல சட்டந்தான். ஆனால் நல்ல சட்டமும் நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டுக்கு வரவேண்டியிருக்கின்றது.

இனி, நாம் சொல்ல எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். தீவுக் காணியை விற்றவர்கள் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்? தீவகத்தார், சிறப்பாகப் புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர் ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர், நெடுங்காலமாகத் தென்னிலங்கையிற் கடை வைத்து வாழ்ந்த வணிக மக்கள். கொழும்பு அவர்களுக்கு அயலூரன்று. ஆதலின் போர் முடிந்த பின்னர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெகிவளையிலும் தொடர்மாடிகள் எழுந்தபோது, அவற்றில் ஒரு மனையைச் சொந்தமாக்கிக்கொள்வது பல குடும்பங்களின் கனவாயிற்று. பெண்ணுக்குச் சீதனமாக முன்பு வளவும் வயலும் எழுதியவர்கள், நான்காம் மாடியில் ஒரு மனையை எழுதத் தலைப்பட்டனர்.

எம்முடைய கல்லூரியிலே கணிதம் கற்பித்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் இருக்கின்றார். நயினாதீவைச் சேர்ந்தவர். எமக்குத் தமையன் முறையினர். அண்ணர் என்றே அழைப்போம். வாழ்நாளில் ஒரு சதம் கணக்குப் பிசகாதவர். அவர் 2017ஆம் ஆண்டிலே, தீவிலிருந்த தம் முதுசொக் காணியிற் பதினான்கு பரப்பை விற்று, மகன் கனடாவிலிருந்து அனுப்பியதையும் சேர்த்து, குறைக்கு வங்கியிற் கடனும் பட்டு, வெள்ளவத்தையில் எழுந்துகொண்டிருந்த தொடர்மாடி ஒன்றில் மூத்த மகளுக்காக ஒரு மனைக்கு ஒப்பந்தம் செய்தார். விலை ஒரு கோடியே எண்பது இலட்சம். ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் ஒரு பகுதியைக் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாம் தளத்துக்குக் கொங்கிறீற்றுப் போட்டபோது அண்ணர் கட்டிய தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தை எட்டியிருந்தது. அத்துடன் கட்டடம் நின்றது.

நின்றதன் காரணம் இதுதான். அந்த நிலம் ஒரு குடும்பத்துக்குரியது. தந்தையார் காலமானபின் பிள்ளைகள் மூவருள் இருவர் கட்டட நிறுவனத்தாருடன் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். மூன்றாமவர் வெளிநாட்டிலே இறந்துபோக, அவருடைய பிள்ளை நீதிமன்றத்துக்கு வந்து, தன் தந்தையின் பங்கை எவரும் கேட்டு வாங்கவில்லை என்று வழக்கிட்டார். இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. வழக்குத் தொடுத்தவரைக் குறை கூற இடமில்லை, அவருக்கும் நியாயமுண்டு. நிறுவனத்தாரோ, தாமும் ஏமாற்றப்பட்டோம் என்கின்றனர். காணிக்காரர் இருவரும், தம்பி வாய்மொழியாகச் சம்மதித்திருந்தான் என்கின்றனர். எல்லோருக்கும் ஒரு வாதமும் ஒரு சட்டத்தரணியும் உண்டு. பத்தொன்பது குடும்பங்கள் மட்டும் புதுக்கடை நீதிமன்ற வளவில், மர நிழலில் நின்றுகொண்டிருக்கின்றன.

ஒரு விடுமுறையில் அண்ணருடன் நாமும் அங்கே சென்றோம். முற்பகல் பதினொரு மணியளவில் வழக்கு அழைக்கப்பட்டது. இரு சட்டத்தரணிகள் எழுந்தனர். ஓர் ஆவணத்தின் பிரதி கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். நான்கு மாதங்களுக்கு அப்பால் ஒரு திகதி குறிக்கப்பட்டது. எல்லாம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக அண்ணர் முதல் நாட் காலையில் நயினாதீவிலே வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே கொழும்புக்குப் போயிருந்தார். வெளியே வந்ததும் அவர் சொன்ன சொல் எம் நெஞ்சிலே தைத்தது. “தம்பி, இந்த வழக்கிலை நாங்கள் ஆர்? வழக்காளியும் இல்லை, எதிராளியும் இல்லை. ஆனால் தண்டனை மட்டும் எங்களுக்குத் தொடங்கியிட்டுது.”

இதுவே நாம் சொல்லவந்த செய்தியின் உயிர்நாடி. வழக்கென்றால் வெற்றி தோல்வி என்றே உலகம் எண்ணுகின்றது. வீடு வாங்கியவரைப் பொறுத்தவரை தீர்ப்பு ஒரு பின்னிணைப்பு. அவருக்கு நேரும் கேடு முழுவதும் தீர்ப்புக்கு முன்னரே, நிலுவைக் காலத்திலேயே நேர்ந்துவிடுகின்றது. தோற்றவர் கூடத் தோற்ற மறுநாள் வேறு வழி தேடலாம். நிலுவையில் நிற்பவர் வேறு வழி தேடவும் இயலாது.

கணித ஆசிரியரின் கணக்கையே சற்றுப் பார்ப்போம். மகளுக்கு 2019இலே திருமணம் நடந்தது. மணமக்கள் வாடகை வீட்டிற் குடியேறினர். மாதந்தோறும் வாடகை ஒரு புறம். கட்டி முடியாத வீட்டுக்கு எடுத்த வங்கிக் கடனின் தவணைப்பணம் மறுபுறம். கட்டடத்துக்குத் தடையுத்தரவு உண்டு, வட்டிக்குத் தடையுத்தரவு இல்லை என்று அவர் நகைப்பார். பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாவுக்கு நின்ற அமெரிக்க டொலர், மே மாதமளவில் முந்நூற்று அறுபது ரூபாவை எட்டியது. மத்திய வங்கி கடன்கொடு வசதி வீதத்தை அவ்வாண்டு யூலையில் நூற்றுக்குப் பதினைந்தரைக்கு உயர்த்தியது. வங்கிகளின் வட்டியும் உடன் ஏறியது. சீமேந்து விலை இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. இப்போது நிறுவனத்தார், வழக்கு முடிந்தாலும் பழைய விலைக்குக் கட்டித்தர இயலாது என்கின்றனர். கட்டிய பணத்தை வட்டியின்றித் திருப்பித் தருவதாக ஒரு பேச்சும் அடிபட்டது. 2017இலே கொடுத்த ஒரு கோடியே இருபது இலட்சம் இன்று அதே இலக்கத்துடன் திரும்பினால், அது அந்தப் பணமன்று, அதன் நிழல். அதனைக்கொண்டு வெள்ளவத்தையில் வீடு வாங்கவும் முடியாது. விற்ற பதினான்கு பரப்பைத் தீவிலே மீட்கவும் முடியாது.

உடன்படிக்கையில் இதற்குப் பரிகாரம் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். அண்ணரின் அனுமதியுடன் அதனை வாசித்தோம். ஆங்கிலத்தில் இருபத்தாறு பக்கம். குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிடின் நிறுவனம் நட்டஈடு தரும் என்று ஒரு வாசகம் இருக்கின்றது. அதன் கீழேயே, இயற்கை அனர்த்தம், போர், நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றால் நேரும் தாமதத்துக்கு இது பொருந்தாது என்று இன்னொரு வாசகம். வெள்ளப் பெருக்கும் வழக்கும் ஒரே வரியில்! வெள்ளத்தை எவரும் முன்கூட்டி விசாரித்திருக்க இயலாது. மூன்றாவது பிள்ளையின் கையொப்பத்தை விசாரித்திருக்கலாமே.

இவ்விடத்தில் மாணவர் பொருட்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். நிலத்தோடு பொருந்தாத நான்காம் மாடியை ஒருவர் எவ்வாறு சொந்தமாக்கிக்கொள்வது? இலங்கையில் இதற்கு அடிப்படை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம். அது பின்னர் 1982இலும் 2003இலும் திருத்தப்பட்டது. கட்டடத்தின் ஒவ்வொரு மனையையும் காட்டும் கூட்டாதனத் திட்டப்படம் காணிப் பதிவகத்திலே பதியப்படல் வேண்டும். பதிந்த பின்னரே அம்மனை தனியொரு சொத்தாகி, அதற்கென ஓர் உறுதி எழுதத் தக்கதாகின்றது. நிலத்திலும், படிக்கட்டிலும், கூரையிலும் அம்மனைக்குரியவருக்கு ஒரு பங்கும் கிடைக்கின்றது. பதியும் வரை வாங்குபவர் கையில் இருப்பது வீடன்று, வீடு தருவதாக எழுதிய வாக்குறுதி. நிலத்தின் உரித்திலே வழக்கிருப்பின் அத்திட்டப்படம் பதிவேற்றம் காண்பது எவ்வளவு கடினமென்பதைச் சொல்லத் தேவையில்லை. வேரிலே உள்ள நோய் நான்காம் கிளையிலுள்ள கூட்டைக் கலைக்கின்றது.

இந்நோய் எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தில்லிக்கு அயலிலுள்ள நொய்டா, பெரிய நொய்டா ஆகிய நகரங்களிலே ஆம்ரபாலி என்ற குழுமம் அடுக்குமாடிகள் கட்டுவதாகக் கூறி ஏறத்தாழ நாற்பத்திரண்டாயிரம் பேரிடம் பணம் பெற்றது. எங்கள் மாணவர் நன்கு அறிந்த துடுப்பாட்ட வீரர் மகேந்திரசிங் தோனி சில காலம் அதன் விளம்பரத் தூதராக விளங்கினார்; குடியிருப்பாளர் குரலெழுப்பியதை அடுத்து 2016இலே விலகிக்கொண்டார். கட்டடங்கள் பாதியிலே நிற்க, வாங்கியோர் 2017இலே இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் கணக்காய்வாளரை ஏவித் துருவியபோது, வாங்கியோர் பணம் வேறு கம்பெனிகளுக்குத் திருப்பிவிடப்பட்டமையும், அக்கம்பெனிகளிற் சில அலுவலகச் சிற்றாள்களின் பெயரால் அமைக்கப்பட்டமையும், சில வீடுகள் சதுர அடி ஒரு ரூபா என்ற பெயரளவு விலைக்குப் பதியப்பட்டமையும் தெரியவந்தன.

2019 யூலை 23ஆம் திகதி வழங்கப்பட்ட அத்தீர்ப்பு மாணவர் படித்தறியத் தக்கது. குழுமத்தின் பதிவை நீதிமன்றம் இரத்துச் செய்தது. எஞ்சிய கட்டடங்களை முடிக்கும் பொறுப்பை என்.பி.சி.சி. என்னும் அரச நிறுவனத்துக்கு ஒப்படைத்தது. கடன் கொடுத்த வங்கிகளும், நிலம் கொடுத்த நொய்டா அதிகார சபைகளும் தமக்குரிய பணத்துக்காக வாங்கியோருடைய வீடுகளிற் கைவைக்கலாகாது என்றும் கட்டளையிட்டது. அதாவது, வழக்கிலே எப்போதும் திண்ணையில் நிறுத்தப்படும் வீடு வாங்கியவனை நீதிமன்றம் உள்ளே அழைத்து முதலாசனத்தில் இருத்தியது. எனினும், அதனாற் கட்டடம் மறுநாளே எழுந்துவிடவில்லை; அதன் பின்னரும் ஆண்டுகள் சென்றன. அதே நொய்டாப் பகுதியிலே ஜேப்பீ இன்பிராடெக் என்ற மற்றொரு நிறுவனம் 2017 ஓகத்தில் நொடிப்பு வழக்குக்குள் வந்தது. அதனை ஏற்று நடத்துவதற்கு வேறொரு குழுமத்தின் திட்டம் அங்கீகாரம் பெற்றது 2023 மார்ச்சில். ஐந்தரை ஆண்டில் ஒரு பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போய்விடும்.

சீனத்திலோ வீடு வாங்கியோர் வேறொரு வழியை நாடினர். எவர்கிராண்ட் முதலிய பெருநிறுவனங்களின் கட்டடங்கள் நின்றுபோனதைக் கண்டு, 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பல நகரங்களில் வாங்கியோர் வங்கிக்கு மாதப் பணம் கட்ட மறுத்தனர். 2024 சனவரி 29ஆம் திகதி ஹொங்கொங் நீதிமன்றம் எவர்கிராண்டைக் கலைக்கும்படி கட்டளையிட்டது. அண்ணரிடம் இதனைச் சொன்னபோது, “நாங்கள் கட்டாமல் விட்டால் வங்கிக்காரன் ஊர்க் காணிக்கெல்லோ வருவான்” என்றார். கடனுக்கு ஈடாக அவர் வைத்திருப்பது தாம் குடியிருக்கும் வீட்டை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டத்திலே எமக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்றுண்டு. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு எழுபதைத் தனி வங்கிக் கணக்கில் இட்டு அக்கட்டடத்துக்கே செலவிட வேண்டும் என்ற விதியைப் பலரும் புகழ்வர். அது நன்றே. ஆனால் அதனினும் நுட்பமானது இன்னொரு விதி. கட்டடம் எழுப்ப விரும்புவோர் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே, கடந்த ஐந்தாண்டிலே தாம் தொடங்கிய கட்டடங்கள் எவை, அவற்றின் தாமதம் எவ்வளவு, அவை தொடர்பாக நிலுவையிலுள்ள வழக்குகள் எவை என்பதை அதிகார சபைக்கு எழுதிக்கொடுத்தல் வேண்டும். நிலத்திலே வேறெவருக்காவது உரித்து உண்டாயின் அதனையும் சத்தியக் கடதாசியிலே வெளியிடல் வேண்டும். வேலிக்கு அப்பால் இருந்த ஆச்சியின் வேலையை அங்கே சட்டம் செய்கின்றது.

எங்களூர் மனிதர் கொழும்பிலே இடறுவதற்குக் காரணம் அறியாமையன்று. ஊரிலே வேலியைப் பார்த்து, அயலைக் கேட்டு, கிணற்றுப் பங்கை விசாரித்து வாங்கிப் பழகிய அறிவு அவர்களுக்கு உண்டு. தொடர்மாடிக்கு வேலியில்லை, அயலும் இன்னும் பிறக்கவில்லை. பளிங்குத் தரையும் குளிரூட்டியும் உள்ள கந்தோரில் வண்ணப் படத்தைக் கண்டதும் அந்தப் பழைய அறிவை வாயிலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகின்றனர். அங்கேயும் ஓர் ஆச்சி இருக்கத்தான் செய்கின்றாள். காணிப் பதிவகத்திலே, அந்த நிலத்துக்குரிய பதிவேட்டில் இருக்கின்றாள். இலங்கையிற் காணியுறுதிகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் சட்டம். அவற்றைப் பதிவதற்கு 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. சிறு கட்டணம் செலுத்தி, யாரும் அவ்வேட்டைப் பார்வையிடலாம். உரித்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வங்கிக்கு ஈடு உண்டா, நிலுவை வழக்குப் பதியப்பட்டிருக்கின்றதா என்பவை அதிலே வரிசையாக நிற்கும்.

அப்பதிவேட்டை நிறுவனத்தார் காட்டும் சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பிக்காது, நமக்கென ஒருவரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். முதற்பணம் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்தாற் போதாது. ஒவ்வொரு தவணைக் காசுக்கு முன்னரும் பார்க்கத் தக்கது. வழக்கு இடையிலும் வரும். நில உரிமையாளர் பலராயின் அனைவரும் கையொப்பமிட்டனரா, ஒருவர் வெளிநாட்டிலிருப்பின் அவருடைய அற்றோணித் தத்துவப் பத்திரம் செல்லுபடியானதா, இறந்தவர் ஒருவராயின் அவருடைய மரணசாதன வழக்கு முடிந்ததா என்று கேட்டல் வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுவோர் பலர். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கும் நாம், அவளுக்குக் கொடுக்கும் வீட்டின் இரண்டு தலைமுறையை விசாரிக்கக் கூசுவானேன்? கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிலும் அக்கட்டடத்தின் நிலையை வினவலாம். உடன்படிக்கையில் ‘நீதிமன்றக் கட்டளை’ என்ற சொற்கள் தட்டுப்படின், நிலத்தின் உரித்திலிருந்து எழும் வழக்குக்கு அவ்விலக்குப் பொருந்தாது என்று எழுதிச் சேர்க்கும்படி கேட்கலாம். மறுப்பார்களாயின் அம்மறுப்பே ஒரு விடை.

வழக்கிற்குள் அகப்பட்டுக்கொண்டோருக்கும் சில வழிகள் இல்லாமலில்லை. பத்தொன்பது குடும்பங்களும் முதலிரண்டு ஆண்டுகள் தனித்தனியே நிறுவனத்தின் வாயிலிலே காத்துக் கிடந்தன. ஒருவருக்குச் சொன்ன சமாதானத்தை நிறுவனத்தார் மற்றவருக்குச் சொல்லவில்லை. அண்ணர்தான் ஒரு கணித ஆசிரியருக்குரிய ஒழுங்குடன் எல்லோருடைய பெயரையும், கட்டிய தொகையையும், பற்றுச்சீட்டு இலக்கத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியிலே வரிசைப்படுத்தினார். அதனைக் கண்ட பின்னரே தாம் எத்தனை பேர், தம்முடைய பணம் மொத்தம் எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரியவந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, வழக்கிலே தம்மையும் தரப்பினராகச் சேர்க்கும்படி விண்ணப்பித்திருக்கின்றனர். மூன்றாம் பிள்ளையின் மகனுடனும் பேசுகின்றனர். அவன் கேட்பது கட்டடத்தை இடிப்பதையன்று. தகப்பனுடைய பங்கின் விலையை. இதனை எவரும் அவனிடம் முதலிலே கேட்டிருக்கவில்லை.

எமது மாணவி வினவிய வினாவுக்கு இப்போது சற்று நல்ல விடையாகச் சொல்லலாம் என்று நினைக்கின்றோம். நிலுவையில் வட்டி வளர்கின்றது, பிள்ளைகள் வளர்கின்றனர், கொங்கிறீற்றிலிருந்து நீட்டி நிற்கும் கம்பிகளிலே துரு வளர்கின்றது. அண்ணரின் பேத்திக்கு இப்போது நான்கு வயது. வெள்ளவத்தைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைக் காட்டி, “அம்மப்பாவின்ரை வீடு” என்று சொல்லப் பழகியிருக்கின்றாள். பார்க்கத்தான் ஒன்றுமில்லை, நான்காம் தளத்திலே காகங்கள் கூடு கட்டியிருக்கின்றன.

தரப்பினராகச் சேர்க்கும்படி கேட்ட விண்ணப்பம் அடுத்த தவணையில் எடுக்கப்படுமாம். அன்று பாடசாலைத் தவணைப் பரீட்சை இருப்பதால் எம்மால் உடன்செல்ல இயலாது. அண்ணர் அப்பியாசக் கொப்பியின் பிரதி மூன்று எடுத்து வைத்துவிட்டு, அன்றைய முதல் நாள் காலை வள்ளம் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றார்.